கழுத்தில் கட்டியே தெரியாதபோது கழுத்தை ஏன் அறுக்கிறார்கள்?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். பயாப்ஸியில் செதிள் செல் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, ஸ்கேனில் கழுத்து சுத்தம். ஆனாலும் நாக்கோடு சேர்த்துக் கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இல்லாத நோய்க்கு ஏன் அறுவை? இந்த நோய் பரவுவதைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி நடந்தும் பரவலைத் தடுக்க ஒரு மருந்து ஏன் வரவில்லை?

நான் புற்றுநோய் உயிரியல் படித்தவன். இந்த வகைக் கட்டிகளின் செல்களோடு ஆய்வகத்தில் வேலை செய்தவன். அறுவை மருத்துவன் அல்ல. அப்பாவின் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் அவரைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான். அவர் சொன்னதற்குப் பின்னால் உள்ள காரணங்களை மட்டும் என்னால் விளக்க முடியும்.

முதலில் நேரான பதில். ஸ்கேன் சுத்தம் என்றால், படத்தில் தெரிகிற அளவுக்கு எதுவும் இல்லை என்று மட்டுமே பொருள். ஒரு கணுவுக்குள் சில ஆயிரம் புற்றுச் செல்கள் புகுந்திருந்தால் எந்த ஸ்கேனும் அதைக் காட்டாது. தொடக்க நிலை வாய்ப்புற்று உள்ளவர்களில், கழுத்து சாதாரணமாகத் தெரிபவர்களிலேயே ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் கணுவில் நோய் ஒளிந்திருக்கிறது. எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். சரி, பொறுத்திருந்து பார்ப்போம், கணு வீங்கினால் அப்போது எடுக்கலாமே என்று கேட்கலாம். மருத்துவர்களிலேயே ஒரு சாரார் நெடுங்காலம் அப்படித்தான் செய்தார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் தலைமையிலான குழு இதை நேருக்கு நேர் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டது. முதலிலேயே கழுத்துக் கணுக்களை எடுத்தவர்களில் மூன்று ஆண்டு கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்த குழுவில் 67.5 சதவீதம். அறுவையின் நேரத்தை மாற்றியதால் மட்டும் கிடைத்த வித்தியாசம் இது. எட்டு பேருக்கு முன்கூட்டியே செய்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவர் சொல்வதன் அடிப்படை இதுதான்.

இந்த நோய் ஏன் முதலில் கழுத்துக்குப் போகிறது? வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் உட்புறத்தை அடுக்கடுக்காகத் தட்டையான செல்கள் மூடியிருக்கின்றன. அவைதான் செதிள் செல்கள். தலை, கழுத்துப் பகுதியில் வரும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது இவற்றிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த அடுக்கின் அடியில் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பு இருக்கிறது. அதைத் துளைத்துக் கீழே இறங்கும்வரை அது புற்றுநோய் என்ற பெயருக்கே முழுதாக வராது. இறங்கியதும் முதலில் எதிர்ப்படுவது நுண்ணிய நிணநீர்க் குழாய்களின் வலை. இரத்தக் குழாய்க்கு இறுக்கமான சுவர் உண்டு. நிணநீர் நுண்குழாயின் சுவரிலோ செல்கள் கூரை ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன, தொடர்ச்சியான அடித்தளச் சவ்வும் கிடையாது. திசுவில் தேங்கும் நீரை உள்ளே வாங்குவதற்கான அமைப்பு அது. புற்றுச் செல்லுக்கும் அதே வாசல் எளிதாகிவிடுகிறது. நாக்கோ நாள் முழுதும் அசையும் தசை. பேசும்போதும் விழுங்கும்போதும் நிணநீரைப் பிழிந்து கழுத்துப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் இங்கே கட்டியின் அகலத்தைவிட ஆழம் முக்கியம். நாக்கின் மேல் பரந்து கிடக்கும் மெல்லிய புண்ணைவிட, சின்னதாகத் தெரிந்து தசைக்குள் ஆறேழு மில்லிமீட்டர் இறங்கிய புண் ஆபத்தானது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று மருத்துவர்கள் தரம் பிரிக்கப் பயன்படுத்தும் நிலை வகைப்பாட்டின் எட்டாவது பதிப்பு 2017-ல் வெளிவந்தது. அதில் வாய்ப்புற்றுக்கு ஆழத்தையும் கணக்கில் சேர்த்தார்கள். 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஆகியவை எல்லைக்கோடுகள். அந்த மாற்றம் ரொம்பத் தாமதமாக வந்தது என்பது என் கருத்து.

இனி ஆராய்ச்சி. பரவலுக்குக் காரணமான ஒரு மரபணு இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் பூட்டிவிடலாம் என்பதுதான் ஆரம்ப நம்பிக்கை. 2011-ல் இரண்டு குழுக்கள் இந்தக் கட்டிகளின் மரபணுக்களை வாசித்து, பி53 (கெட்டுப்போனால் புற்றுக்கு வழிவிடும் காவல் மரபணு) போன்ற பழைய குற்றவாளிகளோடு நாட்ச்1 என்ற புதிய பெயரையும் சேர்த்தன. 2015-ல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 279 கட்டிகளை அலசியது. பட்டியல் நீண்டது, ஆனால் பரவலுக்கு என்று தனி மரபணு மாற்றம் எதுவும் கையில் சிக்கவில்லை. கழுத்துக் கணுவில் உள்ள செல்களும் நாக்கில் உள்ள தாய்க்கட்டியின் செல்களும் மரபணு மாற்றங்களில் பெரும்பாலும் ஒத்தே இருக்கின்றன. அப்படியானால் கிளம்பிப் போன செல்லுக்கும் இருந்த இடத்திலேயே இருந்த செல்லுக்கும் என்ன வித்தியாசம்?

இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் 2017-ல் வந்தது. பாஸ்டனில் சித்தார்த் புரம், இட்டாய் டிரோஷ் ஆகியோர் இருந்த குழு, 18 நோயாளிகளின் கட்டிகளிலிருந்து ஏறத்தாழ 6,000 செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று படித்தது. அதுவரை கட்டியின் ஒரு துண்டை மொத்தமாக அரைத்துத்தான் வாசிப்பார்கள். அப்படி வாசித்ததில், இழைத்திசு குணம் (உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் திசுவின் செல்களுக்குரிய குணம்) கொண்ட கட்டிகள் என்று ஒரு தனி வகையே இருப்பதாகப் பாடம் எழுதியிருந்தார்கள். செல் செல்லாகப் பார்த்தபோது அந்த வகையே கலைந்துபோனது. இழைத்திசு குணம் புற்றுச் செல்லுடையது அல்ல. கட்டிக்குள் கலந்து கிடந்த, திசுவுக்குச் சட்டம் கட்டும் சாதாரண நார்ச் செல்களுடையது. மொத்தமாக அரைத்ததில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. பல வருடம் நாங்கள் சராசரியைப் படித்துவிட்டு, செல்லைப் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஆய்வு காட்டிய இன்னொன்றுதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது. கட்டியின் விளிம்பில், அக்கம்பக்கத் திசுவோடு உரசும் ஓரத்தில், ஒரு சில செல்கள் வித்தியாசமாக இருந்தன. ஒட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் செதிள் செல், பிடியை விட்டு நகரும் செல்லாக முழுதாக மாறுவதைத்தான் பாடப்புத்தகங்கள் பரவலின் முதல் படியாகச் சொல்லிவந்தன. இந்த விளிம்புச் செல்கள் அப்படி முழுதாக மாறவில்லை, பாதி வழியில் நின்றன. செதிள் செல்லின் அடையாளம் இன்னும் இருந்தது. கூடவே சுற்றியுள்ள திசுவைக் கரைத்து வழி பண்ணும் புரதங்களும் வந்திருந்தன. வேகமாகப் பெருகுபவை அல்ல அவை. பெருகுவது உள்ளே இருப்பவற்றின் வேலை, ஊடுருவுவது ஓரத்தில் இருப்பவற்றின் வேலை. இந்தப் பாதி மாற்றம் அதிகம் உள்ள கட்டிகளில் கழுத்துக் கணுவில் நோய் இருக்கும் வாய்ப்பும் அதிகம்.

இன்னும் முக்கியமானது, இந்த நிலை நிரந்தரமல்ல. ஆய்வகத்தில் இந்த குணம் கூடிய செல்களைத் தனியாகவும் குறைந்தவற்றைத் தனியாகவும் பிரித்து வளர்த்தார்கள். சில நாட்களில் இரண்டு குழுவும் பழையபடி கலவையாகவே ஆகிவிட்டன. பரவுவது என்பது செல்லின் பிறவிக்குணம் அல்ல. அது நிற்கும் இடம் தரும் குணம். ஓரத்தில் நிற்கிற செல்லுக்குப் பக்கத்து நார்ச் செல்கள் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, அதில் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் ஒரு முக்கியமான செய்தி. செய்தி நின்றால் செல் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

அந்த நார்ச் செல்கள் செய்தி அனுப்புவதோடு நிற்பதில்லை. லண்டனில் எரிக் சாஹாயின் ஆய்வகம் 2007-லேயே இதை அழகாகக் காட்டியிருந்தது. செதிள் புற்றுச் செல்களை மட்டும் கூழ்போன்ற திசுப் படுகையில் விட்டால் அவை அதிகம் நகர்வதில்லை. நார்ச் செல்களைச் சேர்த்து விட்டால், அவை முன்னால் போய்ப் படுகையைக் குடைந்து பாதை போடுகின்றன. புற்றுச் செல்கள் கொத்தாக அந்தப் பாதையில் பின்தொடர்கின்றன. வழிகாட்டி நம் உடம்பின் சொந்தச் செல், மரபணு மாற்றம் எதுவும் இல்லாதது! முதல் தடவை அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை.

பாதைகளில் நரம்பும் ஒன்று. தலையும் கழுத்தும் நரம்பு நெருங்கிய பகுதி என்பதால் இந்த நோய்க்கு நரம்பைச் சுற்றி ஊர்ந்து போகும் பழக்கம் உண்டு. பயாப்ஸி அறிக்கையில் நரம்பைச் சூழ்ந்த ஊடுருவல் என்று எழுதியிருந்தால் அதைத்தான் சொல்கிறார்கள். 2020-ல் மோரான் அமித்தின் குழு இதைத் தலைகீழாகவும் பார்த்தது. பி53 இழந்த புற்றுச் செல்கள் நரம்பைத் தேடிப் போவது மட்டுமல்ல, பக்கத்திலுள்ள உணர்வு நரம்பின் குணத்தையே மாற்றிவிடுகின்றன. மாறிய நரம்பு, பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் வகைப் பொருட்களை வெளியிட்டுக் கட்டியை வளர்க்கிறது. எலிகளில் அந்தச் சமிக்ஞையை, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வகை மருந்தால் மறித்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. இது எலியில் கிடைத்த முடிவு. இதை நம்பி யாரும் இரத்த அழுத்த மாத்திரையைத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதே எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு வருகிறேன், ஏனென்றால் நோயாளி வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஆய்வு இது. பார்சிலோனாவில் சால்வடோர் அஸ்னார் பெனிதாவின் குழு 2017-ல், வாய்ப்புற்றுச் செல்களில் ஒரு சிறு பகுதியின் மேற்பரப்பில் மட்டும் சிடி36 என்ற புரதம் நிறைய இருப்பதையும், வேறிடத்தில் புதுக் கட்டியை ஊன்றுபவை அவைதான் என்பதையும் காட்டியது. சிடி36 கொழுப்பு அமிலத்தைச் செல்லுக்குள் இழுக்கும் வாசல். கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளில் பரவல் கூடியது. சிடி36-ஐ மறிக்கும் எதிர்ப்புரதம் கொடுத்தபோது பரவல் பெரிதும் அடங்கியது. 2021-ல் அதே குழு, பால்மிடிக் அமிலம் என்ற ஒரு குறிப்பிட்ட கொழுப்பு அமிலம்தான் இதைச் செய்கிறது, தீனியை நிறுத்திய பிறகும் அதன் நினைவு செல்லில் தங்குகிறது என்றது. ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலீயிக் அமிலம் அப்படிச் செய்யவில்லை. அருமையான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நோயாளியின் சாப்பாட்டில் கொழுப்பை அடியோடு நிறுத்தாதீர்கள். வாயிலும் தொண்டையிலும் சிகிச்சை எடுப்பவருக்கு விழுங்குவதே வேதனை. அவரை முதலில் வீழ்த்துவது எடை இழப்பு. அப்பாவுக்கு இப்போது தேவை கலோரியும் புரதமும்தான்.

ஒரே பெயரில் இரண்டு நோய்கள் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். புகையிலை, மது, பாக்கு ஆகியவற்றால் வருவது ஒன்று. எச்பிவி (மனித பாப்பிலோமா) வைரஸால், குறிப்பாக அதன் 16-ஆம் வகையால், தொண்டைச் சதையிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வருவது இன்னொன்று. மௌரா கில்லிசனும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் இதை உறுதியாக நிறுவினார்கள். எச்பிவி வகையில் தாய்க்கட்டி சின்னதாக இருக்கும்போதே கழுத்தில் பெரிய கணு வந்துவிடும். பலர் அந்த வீக்கத்தோடுதான் மருத்துவரிடமே போகிறார்கள். ஆனாலும் அவர்கள் நன்றாகப் பிழைக்கிறார்கள். 2010-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், தொண்டைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்களில் மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் எச்பிவி உள்ள குழுவில் 82.4 சதவீதம், இல்லாத குழுவில் 57.1 சதவீதம். கணுவுக்குப் போனாலே எல்லாம் முடிந்தது என்ற பழைய கணக்கு இங்கே செல்லவில்லை. அதனால்தான் நிலை வகைப்பாட்டில் இதற்குத் தனி அட்டவணையே போட்டார்கள். அப்பாவுக்கு வந்திருப்பது நாக்கின் அசையும் முன்பகுதி ஓரத்தில் என்றால் அது பெரும்பாலும் எச்பிவி வகை அல்ல, இணையத்தில் நீங்கள் படிக்கும் அந்த நல்ல எண்களை அவருக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

நிணநீர்க் கணுவைப் பற்றிய பார்வையும் மாறிக்கொண்டு வருகிறது. ஜார்ஜ் கிரைல் 1906-ல் கழுத்து அறுவையை முறைப்படுத்தியபோது, கணு என்பது வழியில் உள்ள வடிகட்டி. அடைத்துக்கொண்டதா, மொத்தமாக அள்ளிவிடு. கழுத்தின் பெரிய தசையையும் உள் கழுத்துச் சிரையையும் தோளைத் தூக்கும் நரம்பையும் சேர்த்தே எடுத்தார்கள். இன்று அவற்றை விட்டுவைத்து, கழுத்தைப் பல மட்டங்களாகப் பிரித்து, நோய் போகக்கூடிய மட்டங்களின் கணுக்களை மட்டும் எடுக்கிறார்கள். சில மையங்களில் கட்டியிலிருந்து முதலில் வடியும் காவல் கணுவை மட்டும் எடுத்துப் பார்த்து, அதில் நோய் இல்லையென்றால் மீதியை விட்டுவிடுவதும் உண்டு. 2020, 2021-ல் பிரான்சிலும் ஜப்பானிலும் வந்த சோதனைகளில், பிழைப்பைப் பொறுத்தவரை இந்த வழி முழு அறுவைக்குக் குறைந்ததாக இல்லை.

ஆனால் கணு வெறும் வடிகட்டி அல்ல. டி செல்கள் எதிரியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அது. 2022-ல் ஸ்டான்போர்டு குழு ஒன்று, கணுவில் குடியேறிய புற்றுச் செல்கள் அந்தப் பள்ளியின் பாடத்தையே மாற்றிவிடுகின்றன, உடம்பு முழுக்க அந்தக் கட்டியைச் சகித்துக்கொள்ளும்படி ஆகிவிடுகிறது என்று எலிகளில் காட்டியது. கழுத்துக் கணுவில் நோய் இருப்பது ஏன் நுரையீரல் பரவலுக்கும் முன்னறிவிப்பாக இருக்கிறது என்பதற்கு நான் படித்ததில் மனதுக்கு ஒத்துவரும் விளக்கம் இதுதான். அதே சமயம் நல்ல கணுக்கள் நமக்குத் தேவை என்பதும் இதிலிருந்தே வருகிறது. நோயெதிர்ப்பு மருந்தைக் கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்கும்போதே சேர்த்துக் கொடுத்த இரண்டு பெரிய சோதனைகள் ஏமாற்றின. கணுக்கள் இருக்கும்போதே, அறுவைக்கு முன்பே பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பின்னரும் தொடர்ந்த கீநோட்-689 சோதனை 2025-ல் வெற்றி பெற்றது. மூன்று ஆண்டில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் உயிரோடு இருந்தவர்கள் 57.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 46.4. நேரம்தான் எல்லாம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடவும் முடியாது. அதே 2025-ல் அறுவைக்குப் பிறகு, கீமோ-கதிர்வீச்சோடு நிவோலுமாப் என்ற அதே வகை மருந்தைக் கொடுத்த இன்னொரு சோதனையும் பலன் தந்தது. கீநோட்-689 முறை முற்றிய நிலைக் கட்டிகளுக்கானது, அப்பாவின் சின்னக் கட்டிக்கு அல்ல.

சரி, பரவலைத் தடுக்கும் மருந்து ஏன் இல்லை? கட்டி கண்ணில் படும்போது, கிளம்ப வேண்டிய செல்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டன என்பது முதல் காரணம். திசுவைக் கரைக்கும் நொதிகளை மறிக்கும் மருந்துகளைப் பலவகைப் புற்றுநோய்களில் முயன்று தோற்றார்கள். ஏற்கெனவே பரவிவிட்டவர்களுக்கு வாசலைப் பூட்டும் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டாவது, மேலே சொன்ன நிலைமாற்றம். ஓரச் செல்லைக் கொன்றாலும் உள்ளே இருப்பது ஓரத்துக்கு வந்து அதுவாக மாறும். டிஜிஎஃப்-பீட்டாவோ காயம் ஆறுவதற்கும் நோயெதிர்ப்பை அடக்கி ஆள்வதற்கும் உடம்புக்கு வேண்டிய புரதம், முழுக்க மறிக்க முடியாது. மூன்றாவதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஹெப்-2 என்ற செல் வரிசையைக் குரல்வளைப் புற்றுச் செல் என்று நம்பிப் பல ஆய்வகங்கள் பல்லாண்டு பயன்படுத்தின. அது உண்மையில் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்த ஹீலா செல். எங்கோ கலந்து, பழையதை விழுங்கிவிட்டது. இது தெரிந்த பிறகும் அந்தப் பெயரில் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. அந்த உழைப்பும் காலமும் குரல்வளை நோயாளிகளுக்குச் சேர வேண்டியவை.

இப்போது உங்கள் அப்பா. அறுவைக்கு முன் மருத்துவரிடம் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள், எந்த மட்டங்களின் கணுக்களை எடுக்கப்போகிறார் என்பதையும், காவல் கணு முறைக்கு அங்கே வசதி உண்டா என்பதையும் கேளுங்கள். அறுவை முடிந்து திசு அறிக்கை வரும்போது, எத்தனை கணுவில் எத்தனையில் நோய் என்பதோடு இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள்: வெட்டிய விளிம்பில் நோய் இருக்கிறதா, கணுவின் உறையைக் கிழித்து நோய் வெளியே வந்திருக்கிறதா. 2004-ல் வந்த இரண்டு சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், இந்த இரண்டில் ஒன்று இருந்தவர்களுக்குத்தான் அறுவைக்குப் பின் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்ப்பது தெளிவாகப் பயன்பட்டது. புகையிலைப் பழக்கம் இருந்தால் இன்றே நிற்க வேண்டும். அது வாய் முழுவதையும் கெடுத்து வைத்திருக்கும், புதுக் கட்டி வேறிடத்தில் முளைக்கலாம். பின்னாளில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தால்கூட அது பரவலா, தனியாக வந்த நுரையீரல் புற்றா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் சிகிச்சை வேறு. நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் என்பதால் அந்தக் காலத்துப் பரிசோதனை நாட்களைத் தவறவிடாதீர்கள். தோள் பயிற்சியை, மருத்துவர் அனுமதித்த அன்றே தொடங்குங்கள். நரம்பை விட்டுவைத்திருந்தாலும் சில மாதம் கை தூக்கக் கனமாகத்தான் இருக்கும்.